முடிவுத் தேதி இல்லாத தலையீடு: தில்லை வட்டாரத்தில் அரசும் தனிமனித உரிமையும்

அரசு எதற்காக இருக்கிறது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டு அரசியல் எழுத்து விரிவாகவே விவாதித்திருக்கிறது. அரசு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியோ அந்த அளவுக்கு விவாதிக்கப்பட்டதில்லை. இட ஒதுக்கீடு, மதிய உணவு, பொது விநியோகம் என இம்மாநிலம் பெருமை கொள்ளும் சாதனைகள் பலவும் அரசின் கை நீண்டதால் கிடைத்தவை என்பதால், அந்தக் கை நீளக் கூடாத இடங்களும் உண்டு என்று சொல்பவர் பழமைவாதி என்றோ பணக்காரர் பக்கத்து ஆள் என்றோ எளிதில் ஒதுக்கப்பட்டுவிடுகிறார். மேலைநாட்டில் லிபர்டேரியனிசம் என வழங்கும் சுதந்திரவாதம் இந்தக் கேள்வியையே முதல் கேள்வியாகக் கொண்ட சிந்தனை மரபாகும். ஒருவருடைய உடல், உழைப்பு, உடைமை, நம்பிக்கை, பேச்சு ஆகியவற்றின் மீது அவருக்குள்ள உரிமை அரசு மனமிரங்கி வழங்கியதன்று. ஆகவே, பிறருக்குத் தீங்கு நேரும்போது மட்டுமே அரசு குறுக்கிடலாம், அப்போதும் தன் குறுக்கீட்டுக்கான காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையதே என்பது அதன் சாரம். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த தீங்குக் கோட்பாடும், 1944இல் ஹயெக் மையத் திட்டமிடலுக்கு எதிராக எழுப்பிய எச்சரிக்கையும், காவல், நீதி, ஒப்பந்தப் பாதுகாப்பு ஆகியவற்றோடு அரசு நின்றுகொள்ள வேண்டும் என்று 1974இல் ராபர்ட் நோசிக் முன்வைத்த குறும அரசுக் கொள்கையும் இம்மரபின் முக்கியமான படிகள்.

இக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கத் தில்லை எனப்படும் சிதம்பரம், அண்ணாமலை நகர், நெய்வேலி ஆகியவற்றை உள்ளடக்கிய கடலூர் மாவட்டத்தின் தென்பகுதி மிகப் பொருத்தமான நிலம். மொழி, கோயில், பல்கலைக்கழகம், விளைநிலம் ஆகிய நான்கிலும் அரசு கை வைத்த நான்கு பெரிய நிகழ்வுகள் சில மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் சுற்றிவரக்கூடிய இந்த வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அரசின் அத்துமீறல் என்பது அதன் அதிகாரத்தின் அளவைவிட அந்த அதிகாரம் நீடிக்கும் காலத்தையே பெரிதும் சார்ந்தது என்பது புலப்படுகிறது. அரசு உள்ளே வரும்போது பெரும்பாலும் ஒரு நியாயமான காரணத்தோடுதான் வருகிறது. காரணம் தீர்ந்த பிறகும் வெளியேறுவதில்லை என்பதே சிக்கல்.

அந்நிகழ்வுகளுக்குப் போகும் முன் அவற்றின் பின்னணியைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சுதந்திரவாதத்துக்கு மிக நெருங்கிவந்த பெரிய அரசியல் முயற்சி, 1959 ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்ட சுதந்திராக் கட்சி. அவ்வாண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது, உழவரின் நிலம் பறிபோவதற்கான முதல் படி என்ற அச்சத்தை எழுப்பவே, இராஜாஜி, என். ஜி. ரங்கா, மினு மசானி, கே. எம். முன்ஷி முதலியோர் ஒன்றுசேர்ந்தனர். தொழில் தொடங்கவும் விரிவுபடுத்தவும் மூலப்பொருள் வாங்கவும் அரசின் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையைப் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று இராஜாஜி வருணித்தார். 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சியாக உயர்ந்த அக்கட்சி, இராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்த சில ஆண்டுகளுக்குள் கலைந்துபோனது.

இராஜாஜி சாடிய அந்தப் பெர்மிட் ராஜ்யம் ஆலை முதலாளிகளின் தலைவலி மட்டுமன்று என்பதை இன்றைய வாசகர் மறந்துவிடக்கூடும். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி வைத்துக்கொள்வதற்கே உரிமம் வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி, ஒரு சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை குத்திவாங்கும் இந்த வழக்கம் 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இதைவிடக் கடுமையானது தங்கக் கட்டுப்பாடு. சீனப் போரின் பின்னணியில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டையும் தங்கக் கடத்தலையும் காரணம் காட்டி, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடைசெய்தன. தாலி எந்தத் தங்கத்தில் இருக்க வேண்டும் என்பது அரசாணையின் பொருளாயிற்று. பட்டறையை மட்டுமே நம்பியிருந்த பொற்கொல்லர் குடும்பங்கள் ஒரே இரவில் தொழிலிழந்து நின்றன. 14 காரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968இல் தனிச் சட்டமாகவே உருக்கொண்ட கட்டுப்பாடு 1990இல்தான் நீக்கப்பட்டது. எல்லைப்போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. அதன் நிழலில் பிறந்த விதிமுறை ஏறத்தாழ 27 ஆண்டுகள் வாழ்ந்தது.

காரணம் தீர்ந்ததும் அரசு விலகிக்கொண்ட அரிய நிகழ்வும் இம்மாநில வரலாற்றிலேயே இருக்கிறது, அதைச் செய்தவரும் இராஜாஜியே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு, 1947 இறுதியில் ஒருமுறை தளர்த்தப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் இறுகியது. மாவட்ட எல்லையைத் தாண்டி நெல் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட அந்நாளில், தஞ்சை மாவட்டத்துக்கும் தென்னாற்காடு மாவட்டத்துக்கும் எல்லையாக ஓடிய கொள்ளிடம், சிதம்பரத்து மக்களுக்கு வெறும் ஆறாக இருக்கவில்லை. 1952 ஏப்ரலில் முதலமைச்சரான இராஜாஜி, விலை தறிகெட்டு ஏறும் என்ற எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் ஜூன் மாதத்திலேயே பங்கீட்டையும் நடமாட்டக் கட்டுப்பாட்டையும் நீக்கினார். மத்திய உணவமைச்சர் ரஃபி அகமது கித்வாயின் ஆதரவும் அவருக்கு இருந்தது. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. பிற மாநிலங்களிலும் கட்டுப்பாடுகள் தளர்வதற்கு அது வழிகாட்டியது.

எனினும், இராஜாஜியைச் சுதந்திரவாதத்தின் குற்றமற்ற முன்மாதிரியாக நிறுத்துவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. 1937இல் சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்ற அவரே, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்; அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார்; எதிர்த்தவர்களைச் சிறையிலடைக்க, காங்கிரஸ்காரர்களை ஒடுக்குவதற்கென்று ஆங்கிலேயர் இயற்றியிருந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தையே பயன்படுத்தினார். ஆட்சியில் இருக்கும்போது தெரியாத எல்லைக்கோடு, ஆட்சியை விட்டு இறங்கிய பின்னரே கண்ணுக்குப் படுகிறது என்பது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. மதுவைப் பொறுத்தவரை இம்மாநிலத்தின் நிலை இன்னும் விசித்திரமானது: விற்றால் குற்றம் என்று பல்லாண்டு ஆண்ட அரசு, 2003 முதல் தன் டாஸ்மாக் நிறுவனத்தைத் தவிர வேறு எவரும் சில்லறையாக விற்றால் குற்றம் என்று ஆள்கிறது. தடைக்கும் ஏகபோகத்துக்கும் இடையில் குடிமகனின் விருப்பத்துக்கும் பொறுப்புக்கும் விடப்பட்ட இடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இராஜாஜி தாம் 1938இல் திணித்த இந்தியையே 1965இல் எதிர்த்தார். அவ்வாண்டு ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தபோது எழுந்த கிளர்ச்சியில், ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிதம்பரம் நோக்கி நடத்திய ஊர்வலத்தின்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இராசேந்திரன் என்ற மாணவர் உயிரிழந்தார். அவருக்குப் பின்னாளில் அண்ணாமலை நகரில் சிலையும் எழுப்பப்பட்டது. மொழிப்போர் வழக்கமாக இனவுணர்வின் வரலாறாகவே எழுதப்படுகிறது, அது தவறும் அன்று. ஆனால் எந்த மொழியில் படித்துத் தேர்வெழுதி வேலை தேடுவது என்பது மிக நெருக்கமான அன்றாட உரிமை என்பதையும், அதில் அரசு கை வைத்தபோது தமிழக மாணவர்கள் கொடுத்த மறுமொழி சுதந்திரவாதத்தின் மறுமொழியே என்பதையும் அவ்வரலாறு போதிய அளவு சொல்வதில்லை.

மொழியில் கேள்வி எளிது. கட்டாயப்படுத்துபவர் அரசு, கட்டாயத்துக்கு உள்ளாகிறவர் குடிமகன். சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் நுழைந்ததும் அந்த எளிமை மறைந்துவிடுகிறது. தில்லைக்குப் போக ஏங்கிய சிவனடியார் நந்தனாரைத் தடுத்தது அரசாங்கம் அன்று. அவரைத் தெருவெல்லையில் நிறுத்தியது பிறப்பையொட்டிய விலக்கு. அதை நடைமுறைப்படுத்தியவர்கள் ஊராரும் உடைமையாளரும். அரசு விலகி நின்றால் சுதந்திரம் பெருகும் என்ற வாதத்துக்கு அம்பேத்கர் 1947இல் வெளியிட்ட ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற நூலில் தந்த மறுப்பு இங்கே நினைக்கத்தக்கது: அரசின் பிடியிலிருந்து விடுபடுவது, வலிமையுள்ள தனியாரின் பிடியில் சிக்குவதாகவும் முடியலாம். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தரும் சட்டமன்றத்தில் இருந்து அரசின் துணையை நாடியவரே. கோயில் நுழைவை 1939இலும் 1947இலும் சட்டங்களே உறுதிப்படுத்தின. முதற்சட்டத்தைக் கொண்டுவந்தது இராஜாஜியின் அரசு. எந்தச் சுதந்திரவாதியும் இச்சட்டங்களை அத்துமீறல் என்று கூறத் துணியமாட்டார். துணிந்தால் அவருடைய கோட்பாடு அங்கேயே உடைந்துவிடும்.

ஆனால் வாசலைத் திறப்பதும் நிர்வாகத்தை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இக்கோயிலின் பூசையும் நிர்வாகமும் பொது தீட்சிதர்கள் எனப்படும் சமூகத்தாரிடம் இருந்துவருகின்றன. திருமணமான ஒவ்வோர் ஆண் தீட்சிதரும் அவர்களுடைய பொதுச்சபையில் உறுப்பினர், பூசை முறைவைத்து அவர்களிடையே சுற்றிவரும். இந்து அறநிலையங்களை அரசின் மேற்பார்வையில் கொண்டுவரும் சட்டமியற்றல் 1925இல் நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கி, 1951, 1959ஆம் ஆண்டுச் சட்டங்களாக வளர்ந்தது. 1951இல் இக்கோயிலுக்குச் செயல் அலுவலரை அமர்த்த அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே நீக்கியது. தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவினர். தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளவும் தம் சொத்துகளைச் சட்டப்படி நிர்வகிக்கவும் சமயப் பிரிவுகளுக்கு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்பு தரும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்பது தீர்ப்பு. அரசு உச்சநீதிமன்றத்தில் செய்த மேல்முறையீட்டை 1954இல் தொடராமல் தன் ஆணையையே விலக்கிக்கொண்டது.

கதை அங்கே முடியவில்லை. 1987 ஜூலையில் அறநிலையத்துறை ஆணையர் மீண்டும் செயல் அலுவலரை அமர்த்தினார். வழக்குகள் ஏறத்தாழ இருபதாண்டுகள் இழுபட்டன. இதற்கிடையே, சிற்றம்பலத்தின் முன்னுள்ள மேடையில் நின்று தேவாரம் பாட முயன்ற ஓதுவார் ஆறுமுகசாமி தடுக்கப்பட்டதும், 2008 மார்ச் 2 அன்று அரசாணையின் துணையோடும் காவல்துறைப் பாதுகாப்போடும் அவர் பாடியதும் நாடறிந்தவை. மறு ஆண்டு பிப்ரவரியில் உயர்நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து செயல் அலுவலர் பொறுப்பேற்றார். அதுவரை உண்டியல் என்பதையே அறியாத கோயிலுக்குள் அறநிலையத்துறையின் உண்டியல் வைக்கப்பட்டது. மூவர் பாடிய பதிகத்தை மூலவர் முன்னிலையில் பாடும் உரிமைக்காக ஒரு முதியவர் நடத்திய போராட்டமும், ஒரு துறையின் நெடுநாள் நிர்வாக வேட்கையும் ஒரே நேரத்தில் வெற்றி பெற்றதால், இரண்டும் ஒன்றே என்ற தோற்றம் உண்டானது. அவை ஒன்றல்ல. முன்னது தனிமனித உரிமை. பின்னது அவ்வுரிமையின் தோளில் ஏறி உள்ளே வந்த அதிகாரம்.

2014 ஜனவரி 6 அன்று நீதிபதிகள் பி. எஸ். சௌகான், எஸ். ஏ. பாப்டே அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு செயல் அலுவலர் நியமனத்தை நீக்கியபோது, 1951ஆம் ஆண்டுத் தீர்ப்பு தீட்சிதர்களையும் அரசையும் இன்னமும் கட்டுப்படுத்துகிறது என்பதை முதற்காரணமாகக் காட்டியது. இக்கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது 2014 தீர்ப்பின் மற்றொரு பகுதி. நிர்வாகச் சீர்கேட்டைக் களைவதற்காக அரசு ஒரு கோயிலின் பொறுப்பை ஏற்கலாம்; ஆனால் சீர்கேடு களையப்பட்டதும் உரியவரிடம் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும், காலவரம்பில்லாமல் வைத்திருப்பது உரிமையைப் பறிப்பதாகும் என்று நீதிமன்றம் கூறியது. தலையீட்டின் ஆயுள், எந்தக் குறையைத் தீர்க்க அது வந்ததோ அந்தக் குறையின் ஆயுளுக்கு மேற்படக் கூடாது என்பதே இதன் கருத்து. மில்லும் ஹயெக்கும் அரசின் எல்லையை வரைய முயன்றது செயற்களங்களை வைத்து. சிதம்பரம் வழக்கோ அதனைக் காலத்தை வைத்து வரைகிறது. தலையீடே கூடாது என்று மறுக்கவும் வேண்டியதில்லை, எல்லாத் தலையீட்டுக்கும் தலையாட்டவும் வேண்டியதில்லை என்பதால், நந்தனாரின் வரலாறு கொண்ட ஒரு சமூகத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும் அளவுகோல்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. தனியார் அமைப்பு ஒன்றின் விதி பிடிக்காதவர் அதைவிட்டு வேறிடம் போகலாம் என்பது சுதந்திரவாதிகளின் வழக்கமான விடை. தில்லைக்கு அது செல்லாது. ஒரு நடராசரை விட்டுவிட்டு அடுத்த தெரு நடராசரை நாடும் கடைவீதித் தெரிவு பக்தருக்கு இல்லை. சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையில், பஞ்சாட்சரப் படிகளின் எதிரே நின்று வழிபட எல்லாரையும் அனுமதிக்கலாம் என்று 2022 மே 17 அன்று அரசு பிறப்பித்த ஆணை இந்த இடைவெளியில்தான் பிறந்தது. அது நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளவில்லை, உண்டியல் வைக்கவில்லை. யார் எங்கே நின்று வழிபடலாம் என்பதை மட்டும் தொட்டது. சமயச் சடங்கின் உள்விவகாரத்தில் அரசு நுழைகிறது என்ற தீட்சிதர்களின் மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும், 2009ஆம் ஆண்டு நடவடிக்கையோடு ஒப்பிட்டால் இது தேவைக்கு அருகிலும் அதிகாரத்துக்குத் தொலைவிலும் நிற்பது என்றே மதிப்பிட வேண்டும்.

கோயிலிலிருந்து சிறிது தொலைவில், ஒரு கொடையாளரால் ஊரே உருவான அண்ணாமலை நகரில், இதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, அண்ணாமலைச் செட்டியாரின் 20 லட்சம் ரூபாய் நன்கொடையோடு 1929இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனத்தில், துணைவேந்தர் தேர்வு உட்பட நிறுவனர் குடும்பத்துக்கு மரபுரிமையாகவே சில அதிகாரங்கள் சட்டத்தால் தரப்பட்டிருந்தன. தேவைக்கு மிகுதியான பணியாளர்கள், சம்பளம் தர இயலாத நிதி நெருக்கடி, போராட்டங்கள் ஆகியவை முற்றிய நிலையில், 2013இல் அரசு முதலில் நிருவாகியை அமர்த்தியது. அதே ஆண்டில் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டது. அரசின் மானியத்தைப் பெறும் நிறுவனத்தில் மரபுரிமை அதிகாரம் இருப்பது சுதந்திரச் சந்தையின் விளைவு அன்று. அதுவும் சட்டம் ஈந்த சலுகையே ஆதலால், அதற்காகச் சுதந்திரவாதி கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் நிதி நெருக்கடியைத் தீர்க்கவந்த நடவடிக்கை, நெருக்கடி தீர்ந்தால் பல்கலைக்கழகம் தன்னாட்சியோடு நடக்கும் வழி எதையும் திறந்துவைக்கவில்லை. அரசு உள்ளே வந்ததும் எதிர்பார்ப்புகளும் உள்ளே வந்தன: அரசே நடத்தும் கல்லூரியில் அரசுக் கல்விக் கட்டணமே இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 இறுதியில் தொடங்கி வாரக்கணக்கில் போராடினர், 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. மாணவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு தலையீடு அடுத்த தலையீட்டை நியாயமாகவே பெற்றெடுக்கும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நிலத்தில் இவ்வளவுகோல் மிகக் கூர்மையாகிறது. தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கண்ட கரும்பொருளை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்து, பின்னர் சுரங்கத்துக்காக நிலமும் அளித்தவர் ஜம்புலிங்க முதலியார் என்ற தனிமனிதர். 1956இல் உருவான நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனமோ அதன்பின் பல ஊர்களின் நிலத்தை விருப்பத்தைக் கேட்டு வாங்கவில்லை, சட்டத்தைக் காட்டி எடுத்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லை. சட்டத்தின் வழியில்லாமல் பறிக்கக் கூடாது என்ற 300ஏ உறுப்பின் பாதுகாப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2023 ஜூலை இறுதியில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காகப் பச்சைப் பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் 2006க்கும் 2013க்கும் இடையே எடுக்கப்பட்டு இழப்பீடும் தரப்பட்டுவிட்டது, பயிரிட வேண்டாமென்று சொல்லியும் பயிரிட்டனர் என்பது நிறுவனத்தின் வாதம். ஏட்டில் அது சரியாகவே இருக்கலாம். பத்தாண்டாகத் தேவைப்படாத நிலத்தை உழவர் தரிசாகப் போட்டுவைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், நட்டதை அறுக்கும் வரை சில வாரங்கள் காத்திருக்க மறுப்பதும் ஏட்டில் சேராத கணக்குகள். பயிரழிவைக் கண்டு வேதனை தெரிவித்த உயர்நீதிமன்றம், ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது.

இத்தகைய நிலைமைக்கென்றே 2013ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. எடுத்த நிலம் ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை முன்னைய உடைமையாளரிடமோ அரசின் நில வங்கியிடமோ திருப்ப வேண்டும் என்று 101ஆம் பிரிவு கூறுகிறது. சிதம்பரம் தீர்ப்பு கோயிலுக்குச் சொன்ன காலவரம்பையே இது நிலத்துக்குச் சொல்கிறது எனலாம். தமிழ்நாடு அரசோ 105ஏ என்ற திருத்தத்தின் மூலம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட தன் மூன்று நில எடுப்புச் சட்டங்களுக்கு, இழப்பீடும் மறுவாழ்வும் நீங்கலாக, மத்தியச் சட்டத்தின் விதிகளிலிருந்து விலக்களித்துக்கொண்டது. 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றதும், அதே ஆண்டில் முன்தேதியிட்டு உயிர்ப்பிக்கும் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டு, 2021 ஜூனில் உச்சநீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. அதனால் பணம் கூடுதலாகக் கிடைக்கலாம். நிலம் திரும்பிவரும் வழி அடைபட்டது.

கோயில், நிலம் ஆகிய இரண்டிலும் இக்காலவரம்பு நீதிமன்றத்தில்தான் பேசப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. அரசு எவ்வளவு காலம் தங்கலாம் என்பதைத் தன் முதற்கொள்கையாகக் கொண்டு சட்டமன்றத்தில் கேட்பதற்கு இன்று ஒரு கட்சி இல்லை. அப்படியொரு கட்சியைத் தொடங்க முயல்பவர் முதல் படியிலேயே தடுக்கி நிற்பார்: 1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவின்படி, சோசலிசக் கொள்கைக்கு உண்மையான பற்றுக் கொண்டிருப்பதாகத் தன் அமைப்பு விதிகளில் எழுதிக் கொடுக்காத எந்தச் சங்கத்தையும் தேர்தல் ஆணையம் அரசியல் கட்சியாகப் பதிவுசெய்ய இயலாது. 1967இல் மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்த சுதந்திராக் கட்சி, தன் கொள்கையை மறுக்காமல் இன்று பதிவுபெற முடியாது.